ராத்திரி இரண்டு மணிக்கும் கிளம்பலாம்

பகலில் கேம்பர்வேன் ஓட்ட எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. பழைய டொயோட்டா ஹையேஸ், பின்னால் ஒரு கட்டில், குட்டி அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து கிளம்பினால் நியூசிலாந்தின் தெற்குத் தீவு முழுக்க ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பிரச்சினையெல்லாம் இருட்டி, பாத்திரம் கழுவி, திரையை இழுத்துவிட்ட பிறகுதான். எனக்கும் வெளியே இருப்பதற்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் மட்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். பட்டாசலில் வரிசையாகப் பாய் விரித்து ஆச்சி, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் கிடப்போம். நடுராத்திரியில் ஏதாவது சத்தம் கேட்டால் "யாருல அது?" என்று கேட்க ஆச்சி இருப்பாள். அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் கல்யாணம். நாற்பதைத் தாண்டும்வரை ஒரு கூரைக்கடியில் நான் மட்டும் என்று ஒரு ராத்திரி கூட அமையவில்லை. மகள் டுனீடினுக்குப் படிக்கப் போனாள். இவருக்கு முதுகுவலி, வேன் மெத்தை என்றாலே ஓட்டம். ஆசை எனக்கு, ஆகவே தனியாகத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் போனது பீல் ஃபாரஸ்ட். வீட்டிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். 'டாக்' என்று எல்லோரும் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம் அங்கே இருக்கிறது. இந்த நாட்டில் பாம்பு கிடையாது, புலி கரடி கிடையாது, வௌவாலைத் தவிர இந்த மண்ணுக்கே உரிய தரைப் பாலூட்டி எதுவும் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, இஞ்சின் சூடு ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வருமே, அதற்கே எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமி அடங்கியது. ரூரூ என்கிற இந்த ஊர் ஆந்தை கூப்பிட ஆரம்பித்தது. நம் ஊரில் ஆந்தை கத்தினால் என்ன சொல்வார்கள் என்று அந்த நேரத்தில் நினைக்காமல் இருக்க முடியுமா? கடைசியாக, சளி பிடித்த கிழவர் யாரோ ஜன்னலுக்குக் கீழே நின்று இழுத்து இழுத்துச் சிரிப்பது போல ஒன்று. அது பாஸம் என்கிற, மரமேறும் சிறு விலங்கு. ரோமத்துக்காக 1837ல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதன்முதலாகக் கொண்டுவந்து விட்டார்களாம். இன்று காட்டுக்கும் பறவைகளுக்கும் எமன். பகலில் படத்தில் பார்த்தால் பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும், இந்தக் குரலை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

புது இடத்தில் தூக்கம் வராதது என் ஒருத்தியின் கோழைத்தனம் இல்லை என்று பின்னால் படித்தேன். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2016ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் இரவு தூங்குகிறவர்களின் மூளையில் இடப்பக்கம் அவ்வளவு ஆழமாகத் தூங்குவதில்லை, பாதி காவலுக்கு இருக்கிறது. வலது காதில் மெல்லிய சத்தம் கொடுத்தால் சட்டென்று விழித்துக்கொண்டார்கள். அதே இடத்தில் மறுபடி வந்து படுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. படித்ததிலிருந்து நான் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுக்கிறேன். இது மருத்துவ ஆலோசனை இல்லை, யாரும் என் மேல் கேஸ் போட வேண்டாம். ஆனால் புது இடமாகத் தேடி ஓடாமல், பீல் ஃபாரஸ்டிலேயே திரும்பத் திரும்பப் போய்ப் படுத்தது நிஜமாகவே உதவியது. சத்தங்கள் பழகின.

பெண்கள் வெளிப்படையாகச் சொல்லாத இன்னொன்று, பாத்ரூம். நடுராத்திரி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு கழிப்பறை வரை நடப்பதை நினைத்தே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத ஆட்களை எனக்குத் தெரியும். இங்கே 2023ல் சட்டத்தை மாற்றினார்கள். தண்ணீரையும் கழிவையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கான 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்றிதழ் வேண்டுமென்றால் வண்டிக்குள் கழிப்பறை நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும், கட்டிலை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். ஏரிக்கரைகள் நாறக் கூடாது என்று போட்ட சட்டம் அது. என் பயத்தில் பாதியை அதுதான் தீர்த்தது. ராத்திரி கதவைத் திறக்கவே தேவையில்லை.

மீதிப் பாதி தீர்ந்தது ட்வைசல் பக்கம் ஓர் ஏரிக்கரையில். அனுமதியுள்ள இடம்தான், ஆனால் அன்றைக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. பதினொன்றரை இருக்கும். ஒரு கார் வந்தது. அவ்வளவு பெரிய திடலில் என் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ஹெட்லைட் திரைத்துணி முழுக்க மஞ்சளாக அடித்தது. அணைக்கவில்லை, இஞ்சினையும் நிறுத்தவில்லை. உள்ளே பேச்சுக்குரல். சரளைக்கல்லில் ஒருத்தர் இறங்கி நடக்கும் சத்தம், பிறகு சத்தமில்லை.

வண்டி வாங்கும்போதே ஒன்றைப் பார்த்து வாங்கியிருந்தேன். பின்னாலிருந்து முன் சீட்டுக்கு வெளியே இறங்காமலே போகலாம். போனேன். கண்ணாடி மறைப்பு உள்பக்கம் சக்‌ஷன் கப்பில் ஒட்டுகிற ரகம். இரண்டே இழுப்பில் கையோடு வந்தது. சாவி அதன் இடத்திலேயே இருந்தது. வண்டியை எப்போதும் மூக்கு ரோட்டைப் பார்த்திருக்கும்படிதான் நிறுத்துவேன், ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்லை. கிளப்பினேன், போய்விட்டேன். அலமாரிக்குள் ஒரு டம்ளர் உருண்டதைத் தவிர ஒரு சேதமும் இல்லை. ட்வைசல் ஊருக்குள் காசு கட்டித் தங்கும் முகாம் ஒன்றில் போய் நிறுத்தி, காலையில் பணம் கட்டினேன்.

அந்தக் காரில் வந்தது யார் என்று எனக்குத் தெரியாது. வழி தவறிய சுற்றுலாக்காரர்களாக இருக்கலாம், நட்சத்திரம் பார்க்க வந்த காதல் ஜோடியாகவும் இருக்கலாம். அந்தப் பகுதி வானம் 2012லேயே இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது, நடுராத்திரியில் ஆட்கள் சுற்றுவது அங்கே சகஜம். "பாவம், உன்னைப் பார்த்து அவங்க பயந்திருப்பாங்க" என்றார் இவர். இருக்கட்டுமே. நான் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்கள் கெட்டவர்கள் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, கிளம்பினேன். அதுவரை, தைரியம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே விடியும்வரை கிடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் பயந்தால் எங்கே போவது? இது சக்கரம் வைத்த வீடு அல்லவா.

அதற்குப் பிறகு படுக்கப் போகும் முன் செய்வதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். கேஸ் மூடியாயிற்றா, பாத்திரம் உள்ளே போயிற்றா, டிரைவர் சீட்டில் துணிமணி எதுவும் இல்லையா. செருப்பு பெடல் பக்கத்தில். ராத்திரி ஒயின் கிடையாது, குடித்தால் ஓட்ட முடியாது, ஓட்ட முடியாவிட்டால் மறுபடி மாட்டிக்கொண்ட உணர்வு வந்துவிடும். இவ்வளவும் செய்து வைத்தபின் கிளம்ப வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். எனக்கு ராத்திரி பதினொன்று, அவளுக்கு மத்தியானம் மூன்றரை. "கதவப் பூட்டிட்டியா?" என்றாள். பூட்டிவிட்டேன் என்றேன். மறுபடியும் கேட்டாள்.

போன கோடையில் மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் தங்கினேன். நல்ல தூக்கத்தில் திடீரென்று லாரி லாரியாகச் சரளை கொட்டுகிற மாதிரி ஒரு நீண்ட முழக்கம். நேர் எதிரே செஃப்டன் சிகரம், 3,151 மீட்டர். அதன் மேல் தொங்கும் பனிப்பாறைகள் அவ்வப்போது உடைந்து விழும். முகாமுக்கு வராது, சத்தம்தான் வரும். எழுந்து திரையை விலக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சாவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பப் படுத்துவிட்டேன்.

காற்று விஷயத்தில் மட்டும் நான் இன்னும் அதே பயந்தாங்கொள்ளிதான். மெக்கென்சி சமவெளியில் வடமேற்குக் காற்று வீசினால் உயரமான வண்டி தொட்டில் ஆடும், அந்த நேரத்தில் கிளம்பி ஓட்டுவது நிற்பதைவிட ஆபத்து. கிளம்பலாம் என்ற வழியே அடைத்துப் போகிறது. அதனால் இந்த ஊர் வானிலை மையமான மெட்சர்வீஸ் பலத்த காற்று எச்சரிக்கை போட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேர்ந்தால் கத்தும் அலாரத்தையும் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். ஹீட்டர் போட்டுத் தூங்குகிறவர்கள் தயவுசெய்து அதை வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை.