வாசிக்கத் தெரியாத தாளில் ஒரு கையொப்பம்

என் சித்தப்பா திருகோணமலையில், திருக்கடலூரில் மீன்பிடிக்கிறவர். போன வருடம் ஒரு நாள் விடியப்புறம் கரைக்குப் போனால் படகு நிற்கிறது, எஞ்சின் இல்லை. பூட்டியிருந்த சங்கிலியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். 15 குதிரைவலு எஞ்சின், கடன் பாதி கூடக் கட்டி முடியவில்லை. நேரே பொலிஸுக்குப் போனார்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லப்போவதில்லை, எங்கள் பக்கத்தில் பல இடங்களில் இதுதான் நடக்கிறது. சித்தப்பா தமிழில் சொன்னார். மேசையில் இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். நடுநடுவே தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களால் கேள்வி கேட்டார், கோபமாக ஒன்றும் பேசவில்லை, கதிரை போட்டு இருத்தித்தான் எழுதினாராம். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டி, "அத்சன் கரன்ன" என்றார். சித்தப்பா கையொப்பம் வைத்தார். அந்தப் பக்கத்தில் அவருக்கு விளங்கியது அவருடைய கையொப்பம் மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்துக் காப்புறுதிக்காரர் அந்த முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த என் தோழி ஒருத்தி வாசித்துச் சொன்னாள்: எஞ்சின் தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. களவு என்ற சொல்லே இல்லை, வெட்டின சங்கிலியும் இல்லை. சித்தப்பாவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எஞ்சினைக் காணேல்லை ஐயா எண்டுதான் சொன்னனான்" என்றார். எங்கள் ஊரில் விடிய எழும்பிப் பார்த்துவிட்டு ஒருவர் "காணேல்லை" என்றால் யாரோ எடுத்துவிட்டான் என்றுதான் அர்த்தம், தமிழ் பேசும் யாருக்கும் அது விளங்கும். மொழி மாறும்போது தொலைத்தவன் ஆகிவிட்டார். தொலைத்ததற்குக் காப்புறுதி இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அரசியலமைப்பைத் தேடி வாசித்தேன், நேரத்தோடு வாசித்திருக்க வேண்டும். 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் இவற்றால் யாருக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 22 ஆம் உறுப்புரை இன்னும் நேரடியானது: வடக்கிலும் கிழக்கிலும் அரச பதிவுகள் தமிழில் பேணப்பட வேண்டும். திருகோணமலையில் ஒரு தமிழ் மனிதனின் முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவது யாரும் செய்கிற உபகாரம் இல்லை, சட்டமே அதுதான். நாங்கள்தான் அதைக் கெஞ்சிக் கேட்கிற விஷயமாக நினைத்து வளர்ந்துவிட்டோம்.

அப்படி நினைக்க வைத்ததற்கு ஒரு வரலாறும் இருக்கிறது, அதில் பெரிய பங்கு எங்கள் ஊருக்கு. 1956 இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய "சிங்களம் மட்டும்" சட்டம் வந்தது. அதே வருடம் ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாட்டுக்காக ஆட்கள் பல ஊர்களிலிருந்து கால்நடையாகவே திருமலைக்கு (திருகோணமலைக்கு) வந்தார்கள். மொழிக்குச் சம உரிமை, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, சமஷ்டி எல்லாம் இங்கே வைத்துத்தான் கோரிக்கையாக எழுதப்பட்டது. அடுத்த வருடம் பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராஜன் இந்த நகரத்தில் சுடப்பட்டுச் செத்தார்.

கோடீஸ்வரன் வழக்கைப் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறார்களா தெரியாது. அவர் ஒரு அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962 இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றம் அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி அதைத் தள்ளியது, 1969 இல் லண்டனில், அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்புப் பிழை என்றது. ஆனால் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமா என்ற உண்மையான கேள்வியைத் திருப்பி இங்கேயே அனுப்பினார்கள், அதற்குப் பதில் கடைசிவரை வரவேயில்லை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம்தான் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. இடையில் 31 வருடம், எத்தனை பேருடைய வேலை, எத்தனை பேருடைய வழக்கு, எத்தனை சித்தப்பாக்கள்.

திருமலையில் இருந்துகொண்டு உரிமை பற்றி எழுதுகிறவள் கடற்கரையைத் தாண்டிப் போக முடியாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று பாதுகாப்புத் தரப்பு முதலில் சொன்னது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்த மாதம் 24 ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். 2019 ஜூலையில், சாட்சியம் போதாது என்று, குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததற்குப் பக்கத்தில் ஒரு எஞ்சினை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பதிவில் என்ன எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் படங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு அரச அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா. அவருக்குக் கொடுத்த விண்ணப்பம் தமிழில் இருந்தது. அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். உள்ளே இருந்தவர் எங்கள் ஆள்தான், "நிரப்பிக்கொண்டு வாங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். வரிசையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நானும் முதலில் திறக்கவில்லை. அவர் வெளியே போகத் திரும்பிய பிறகுதான் போய் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு நிரப்பிக் கொடுத்தேன். தமிழில் நிர்வாகம் நடக்கிற இடத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அலுவல் பார்க்கிற உரிமையை அதே 22 ஆம் உறுப்புரை அந்த அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறது. என் சித்தப்பாவின் முகத்தில் நான் பார்த்ததும் அவர் முகத்தில் பார்த்ததும் ஒன்றுதான், அந்த வெட்கம். வாசிக்கத் தெரியாதது தன்னுடைய பிழை என்று நினைக்கிற வெட்கம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் கிண்ணியாவிலிருந்து வருகிற பஸ்ஸில் என் அடையாள அட்டை தொலைந்தது (இது உண்மையிலேயே தொலைந்ததுதான்). புதிதாக எடுக்கப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். போனேன். எழுதத் தொடங்கியபோது, தமிழில் எழுதுங்கோ என்றேன். தமிழ் எழுதுகிறவர் லீவு, நாளை மறுநாள் வாங்கோ என்றார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, பொலிஸ் என்றால் எங்களுக்கு இன்னும் அப்படித்தான். இரண்டரை மணித்தியாலம் போனது. கடைசியில் ஒரு இளம் உத்தியோகத்தர் வந்து, புத்தகத்தையும் பேனையையும் என் பக்கம் தள்ளி, நீங்களே எழுதுங்கோ என்று சைகை காட்டினார். எழுதினேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையொப்பம் வைத்தேன்.

தெரிந்து வைத்திருங்கள்: அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கூலிக்குப் போகிற ஒருவருக்கு அந்த ஒரு மாதம் ஒன்றுமே இல்லை, பஸ் காசுக்கும் சட்டத்தரணிக்கும் கடன் வாங்கி முடிவதற்குள் போய்விடும். ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. இதைச் சொல்வது அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் 13 ஆம் பிரிவு. ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. சித்தப்பாவுக்கு இதை நேரத்தோடு சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, எனக்கே தெரியாது.

நான் தமிழில் எழுதின முறைப்பாட்டின் பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் சத்தமாக வாசித்தார். பிறகு கேட்டார், "அப்ப என்ரை எஞ்சின் விஷயத்தையும் திரும்பப் போய் இப்பிடி எழுத ஏலுமோ பிள்ளை?"

மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம் என்றேன். வெட்டின சங்கிலியை அவர் இன்னும் வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை போகிறோம்.