நியர்-ஃபீல்ட் ஸ்கேன்: 9,801 புள்ளி 2,501 ஆன கதை

சர்க்யூட் போர்டுக்கு மிக அருகே சிறு லூப் ஆன்டெனாவை (கம்பி வளையம்) புள்ளி புள்ளியாக நகர்த்தி, அங்கங்கே கசியும் காந்தப் புலத்தை (ஃபீல்டு) அளப்பதுதான் நியர்-ஃபீல்ட் ஸ்கேன். மூன்றேகால் மணி நேரம் ஓடிய என் ஸ்கேன் இப்போது 50 நிமிடத்தில் முடிகிறது. அதை 13 நிமிடமாக்கப் பார்த்ததில் இரண்டு வார இறுதிகள் போயின. ஏன் முடியவில்லை என்பது நேற்றுதான் பிடிபட்டது.

அமைப்பு பழையதுதான். 3டி பிரிண்டர் தலையில் லூப், கீழே 60 x 40 மி.மீ. போர்டு, லூப்பின் சிக்னலை அளக்க டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) 144 மெகாஹெர்ட்ஸில். போர்டின் 48 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசை) அது. இரண்டாவதான 96-இல் எஃப்எம் ரேடியோ புகுந்துவிடுகிறது. புள்ளிக்கு 1.2 விநாடி. 0.5 மி.மீ.க்கு ஒன்று என்றால் 9,801 புள்ளி, அதுவும் லூப்பின் ஒரு திசைக்கு மட்டும்.

இவ்வளவு நெருக்கம் தேவையே இல்லை. 4 மி.மீ.க்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஃபீல்டு, 4 மி.மீ. உயரம் போவதற்குள் 54 டெசிபெல் தேய்ந்துவிடும். அதைவிட நெருக்கமான விவரம் அந்த உயரத்தில் லூப்புக்கு எட்டாது; ஓர் ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு புள்ளி இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். அப்படியானால் உயரத்தில் பாதி, 2 மி.மீ. போதும்: 651 புள்ளி, 13 நிமிடம். உயரத்தை லூப்பின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், அடியிலிருந்து அல்ல. என் லூப்பின் அடி 1.3 மி.மீ.யில் நின்றாலும் நடு 4-இல்தான் இருக்கிறது.

சரி என்று பழைய டேட்டாவில் நாலுக்கு ஒரு புள்ளி மட்டும் எடுத்து, மீதியைக் கணக்கில் நிரப்பிப் பார்த்தேன். கிளாக் ட்ராக்கும் அதன் ரிட்டர்னும் (மின்னோட்டம் திரும்பி வரும் பாதை) பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடத்தில், நடுவே ஃபீல்டு செத்துப்போகும் மெல்லிய பள்ளம் ஒன்று உண்டு. அது காணவே இல்லை! பிரிண்டர் மேல் சந்தேகப்பட்டேன். (நகர்வு முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் எம்400 கட்டளையைப் போடாமல் அளந்தால் தலை போய்ச் சேருவதற்குள் ரீடிங் வந்துவிடும், ஒன்றுவிட்டு ஒரு வரிசை நகர்ந்து தெரியும். அது முன்பே பட்டது.) இந்த முறை அது இல்லை.

டைனிஎஸ்ஏ தருவது பவர் மட்டும், ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) கிடையாது. பவர் என்பது ஃபீல்டின் வர்க்கம். வர்க்கம் எடுத்தால் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கு நெருங்கிவிடும், அதனால் இடைவெளியும் பாதியாக வேண்டும்: 1 மி.மீ., 2,501 புள்ளி. டைனிஎஸ்ஏ காட்டும் டிபிஎம்மை (டெசிபெல் கணக்கில் பவர்) மில்லிவாட்டாக மாற்றிவிட்டு நிரப்பினால் பள்ளம் அச்சு அசலாகத் திரும்பி வந்தது.

அந்த 13 நிமிடம் வேண்டுமென்றால் ஃபேஸ் வேண்டும். அதற்கு ஒரே கிளாக்கில் ஓடும் இரண்டு சேனல் எஸ்டிஆர் (கணினி வழி இயங்கும் ரேடியோ ரிசீவர்), ஒரு சேனலில் ஒப்பிடுவதற்காக நகராத ரெஃபரன்ஸ் லூப். அந்த லூப்புக்கு 1.2 மி.மீ. செமி-ரிஜிட் கேபிள் (வளைத்தால் அப்படியே நிற்கும் கோஆக்ஸ்) தேடி சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறினேன், எல்லாரும் தடித்ததையே காட்டுகிறார்கள். ஆன்லைனில்தான் போட வேண்டும். லூப்பை 90 டிகிரி திருப்பி எடுக்கும் ஸ்கேன் இன்னும் பாக்கி, இன்று ராத்திரி ஓட விடுகிறேன்.