வேலூர் லைசென்ஸோடு துபாய் போகிறவர்களுக்கு

ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்குகிற சர்வதேச பர்மிட், ரெசிடென்ஸ் விசா அடித்ததும் துபாயில் உதவாது. அங்கேயே லைசென்ஸ் எடுக்கணும். அதற்காக நம்மூர் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிய கணக்கு இருந்தால் கட்டாய வகுப்பு 20 மணி நேரத்திலிருந்து 10 ஆகக் குறையும். கிளம்பும் முன் பெயரைப் பாருங்கள். லைசென்ஸில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தால் இங்கேயே திருத்திவிடுவது நல்லது.

கண் பரிசோதனை, தியரி, பார்க்கிங், கடைசியில் ரோடு டெஸ்ட். தியரியைத் தமிழிலேயே எழுதலாம். ஆளைக் கவிழ்ப்பது ரோடுதான். வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவை நாம் கடிகார முள் போகிற திசையில் சுற்றுகிறோம், துபாய் ரவுண்டானாக்களில் எதிர்த்திசை. இடப்பக்கமிருந்து ஏற்கெனவே சுற்றி வருகிற வண்டிக்கு வழிவிட்டுத்தான் நுழையணும். லேன் மாறும்போது கண்ணாடி மட்டும் பார்த்தால் போதாது, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்க்கணும். ஹாரன் பழக்கத்தைக் காட்பாடி பாலத்திலேயே விட்டுவிடுங்கள்.