கண்ணாடிக்குள் அமெரிக்க ரோடு, காதில் பெருங்களத்தூர் ஹாரன்

வி.ஆர். தெரபிக்கு என்று முதல் இடத்தில் கட்டிய பதினெட்டாயிரம் போனது போனதுதான். வி.ஆர். என்றால் கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டி, உள்ளே நிற்பது போலவே படம் காட்டுவது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனசு ஆறும்.

போன வருடம் பொங்கல் லீவில், படாளம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு லாரி என் காரைப் பக்கவாட்டில் இடித்தது. கை எலும்பு கூடிவிட்டது. ஏர் ஹாரன் கேட்டால் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கை மரத்துப்போவது மட்டும் நிற்கவில்லை. மனநல மருத்துவர் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சி மனசில் தங்கிவிடும் நோய்), கூடவே டிப்ரஷன் என்றார், செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. “வி.ஆர். வைத்து எக்ஸ்போஷர் தெரபி செய்கிற இடம் கிடைத்தால் பாருங்கள்” என்றார் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது அலைச்சல்.

நானே தேடிப்போன இடத்தில் பத்து அமர்வுக்கு மொத்தப் பணமும் முன்கூட்டியே. ஹெட்செட்டை மாட்டினால் கடற்கரை. அலை, தென்னை மரம், மூச்சை இழுத்து விடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். இருபது நிமிடம் கழித்து, “விபத்தைப் பற்றி எதுவும் கேட்க மாட்டீங்களா தம்பி?” என்றேன். “டிப்ரஷனுக்கு பீச், ஆங்சைட்டிக்கு ஃபாரஸ்ட் சார்” என்றான் மாட்டிவிட்ட பையன். அங்கே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கூட இல்லை. பணம் கட்டும் முன், சைக்காலஜிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். பீச் வீடியோ பார்ப்பது தப்பில்லை, ஆனால் அது வேறு சமாச்சாரம். எக்ஸ்போஷர் என்பது நாம் எதை விட்டு ஓடுகிறோமோ அதன் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார வைப்பது.

இரண்டாவது இடத்தை மருத்துவரே விசாரித்துச் சொன்னார். காரில் உட்கார முடியாததால் செங்கல்பட்டிலிருந்து எழும்பூர் வரை ரயில், அப்புறம் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம். ரிசப்ஷனில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிய பெண், “தலையில அடின்னு போட்டிருக்கு. ஃபிட்ஸ் இல்லேன்னு டாக்டர் லெட்டர் வேணும் சார்” என்றார். மின்னுகிற படம் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, நியாயம்தான். அதை போனில் நேரம் கொடுக்கும்போதே சொன்னால் என்ன? வாட்ஸ்அப்பில் வாங்கித் தருகிறேன் என்றேன். சீல் வைத்த ஒரிஜினல்தான் வேண்டுமாம். ரோட்டைக் கண்டு நடுங்குகிறவனை இன்னொரு தடவை ரோட்டில் அலைய விட்டார்கள்.

அடுத்த வாரம் லெட்டரோடு போனால் ஹெட்செட் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம், திரையில் மெல்ல நீளும் வெள்ளைக் கோடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஹெட்செட் பட்டை வழுக்கி படம் கலங்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட்டால் இடைவெளிக்கு ஒரு வளையம் மாட்டித் தருவார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, உள்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது, நடுவில் மாட்டுவது வயிறு. நான்கு இட்லியும் பொங்கலும் சாப்பிட்டுப் போய் நான் பட்டது போதும்.

சரி, உள்ளே வந்த படம். ஆறு வழிச் சாலை, சுத்தமோ சுத்தம். நான் இடது பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் வலது பக்கம் போகிறேன். அமெரிக்க மென்பொருள்! ஹாரன் ஒன்றுகூட இல்லை. “மேடம், இந்த ரோட்டில் எனக்குத் தூக்கம்தான் வருது” என்றேன் தெரபிஸ்டிடம். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அடுத்த அமர்வில் படம் அதேதான். ஆனால் ஹெட்போனில் திடீரென்று நம்ம ஊர் ஏர் ஹாரன், பின்னாலிருந்து. முந்தின ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் நின்று தன் போனிலேயே பதிவு செய்து வந்திருக்கிறார். கை மரத்துவிட்டது. “இப்போ எவ்வளவு சார்?” பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். எண்பத்தைந்து என்றேன். கழற்றிவிடப் போனேன். “கழற்றலாம், உங்க இஷ்டம். ஆனா உச்சத்துல கழற்றினா, ஓடினதாலதான் தப்பிச்சோம்னு மனசு படிச்சுக்கும்” என்றார். உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஐம்பது.

படம் இவ்வளவு பொம்மைத்தனமாக இருந்தும் எப்படி என்று அப்புறம் கேட்டேன். 1997-ல் அட்லாண்டாவில் வியட்நாம் போர் வீரர்களுக்கு இதைச் செய்தபோது ஒரு ஹெலிகாப்டரும் ஒரு காட்டு வெளியும்தான் படமாம், இன்றைய கண்ணுக்கு கார்ட்டூன். மீதியை அவரவர் நினைவே போட்டுக்கொள்ளும் என்றார். எனக்கும் அப்படித்தான், அந்த அமெரிக்க ரோட்டில் இல்லாத லாரியை நான் பார்த்தேன்.

மூன்றாவது அமர்வுக்குப் பிறகு கெட்ட கனவு கூடிவிட்டது. தெரபி கெடுத்துவிட்டது என்று நின்றுவிட இருந்தேன். சிலருக்கு நடுவில் அப்படி ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான்கு ராத்திரி மிச்சம். அதில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை அழைத்தேன், தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். எண்ணை போனில் ஏற்றி வையுங்கள்.

இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. உடல் நோய்க்கு என்ன விதியோ மனநோய்க்கும் அதுதான் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறதே என்று எழுதிப் போட்டேன். உடல் நோய்க்கும் உங்கள் பாலிசியில் ஓ.பி. (அட்மிட் ஆகாமல் வந்துபோகும் சிகிச்சை) கிடையாது, 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. சட்டத்தை அவர்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

பதினோரு அமர்வு முடிந்தது. மாத்திரை இன்னும் உண்டு. போன ஞாயிறு மச்சான் ஓட்ட, முன் சீட்டில் உட்கார்ந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை போய் வந்தேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நாற்பது. மச்சானுக்கு நாற்பது என்றால் என்னவென்று புரியவில்லை.

திரும்பும் வழியில் போன் அதிர்ந்தது. முதல் இடத்துக்காரர்கள்: ‘உங்கள் மீதி ஒன்பது கடற்கரை அமர்வுகள் இந்த மாதத்தோடு காலாவதி ஆகின்றன.’