மின்கட்டண மனுவில் கொள்முதல் அட்டவணையைத் தேடுங்கள்

தமிழ்நாட்டில் காலநிலை பற்றிப் பேசும் தன்னார்வ அமைப்புகள் பெருகிவிட்டன. நல்லதுதான். ஆனால் அவர்கள் கொடுக்கும் மனுக்களில் பெரும்பாலானவை முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும்தான் போகின்றன. மாநிலம் அடுத்த ஐந்தாண்டில் எவ்வளவு நிலக்கரி எரிக்கப்போகிறது என்பது எழுதப்படும் காகிதம் வேறு இடத்தில் இருக்கிறது. கிண்டியில், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் மின்வாரியம் தாக்கல் செய்யும் கட்டண மனு அது. எந்த நிலையத்திடம் எத்தனை யூனிட், என்ன விலைக்கு வாங்குவோம் என்று அதில் வரிசையாக இருக்கும். மாநில அரசின் காலநிலை மாற்ற இயக்கத்தின் செயல்திட்டம் நிறைவேறாவிட்டால் யாருக்கும் அபராதம் கிடையாது. ஆணையத்தின் உத்தரவை மீறினால், 2003 மின்சாரச் சட்டம் 142-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை போடலாம். தொகை சிறியதுதான், ஆனால் உத்தரவு கட்டுப்படுத்தும்.

காலக்கணக்கை முதலில் பாருங்கள். இப்போது நடப்பில் உள்ள கட்டண ஆணை 2022 செப்டம்பரில் வந்தது, 2026-27 வரைக்குமானது. அந்த ஆண்டு ஜூலையில் மனு வந்தது, ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களில் கருத்துக்கேட்பு நடந்தது, செப்டம்பர் 10-ல் புதிய கட்டணம் அமலுக்கு வந்துவிட்டது. மொத்தமே இரண்டு மாதம். சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஆணையத்துக்கு 120 நாள் தருகிறது, ஆனால் ஆட்சேபணை எழுத நமக்குக் கிடைப்பது சுமார் 30 நாள். 2027 ஏப்ரலில் புதிய கட்டணம் தொடங்க வேண்டுமானால் கணக்குப்படி 2026 நவம்பர் கடைசிக்குள் மனு வர வேண்டும். மனு வந்தபிறகு படிக்க உட்காருகிறவர் தாமதித்துவிட்டார். பழைய மனுவையும் பழைய ஆணையையும் இப்போதே படித்து, கணக்குத் தாளைத் தயாராக வைத்திருப்பவர்தான் 30 நாளில் உருப்படியாக எழுத முடியும்.

மனு நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முன்னுரையை விடுங்கள். நேராக மின் கொள்முதல் செலவு என்ற அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் நிறுவுதிறன், வாங்கப்போகும் யூனிட், நிலைக்கட்டணம், மாறும் கட்டணம் என்று பத்திகள் இருக்கும். மாறும் கட்டணம் என்பது எரிபொருள் விலை, ஓடினால்தான் உண்டு. நிலைக்கட்டணம் என்பது கடன் வட்டி, தேய்மானம், முதலுக்கான லாபம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது. நிலையம் 85 சதவீத நேரம் தயார் நிலையில் இருந்தாலே அது முழுசாகக் கொடுக்கப்பட வேண்டும்; நாம் மின்சாரம் வாங்கினோமா இல்லையா என்பது கணக்கில் வராது.

இதன் விளைவை ஒரு கணக்கில் காட்டலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்: 800 மெகாவாட் அனல் அலகு, ஆண்டு நிலைக்கட்டணம் 1,200 கோடி ரூபாய், சொந்தப் பயன்பாடு 6 சதவீதம். அது 85 சதவீத அளவில் ஓடினால் சுமார் 560 கோடி யூனிட் வெளியே வரும்; யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் ரூ.2.14. வெயிலும் காற்றும் அதன் இடத்தைப் பிடித்து ஓட்டம் 55 சதவீதமாக இறங்கினால் 362 கோடி யூனிட்தான், யூனிட்டுக்கு ரூ.3.31 ஆகிவிடும். நிலக்கரி விலை இதற்கு மேல். மனுவில் புதிய நிலையத்தை நியாயப்படுத்தும்போது எப்போதும் முதல் எண்ணைத்தான் காட்டுவார்கள். அதே மனுவின் இன்னொரு பக்கத்தில் சூரிய மின்சாரம் பெருகப்போவதாகவும் சொல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இந்த முரணைப் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டுவது, புவி வெப்பமயமாதல் பற்றி எழுதும் பத்துப் பக்கத்தைவிட வலுவானது என்பது என் கணிப்பு.

புதிய நிலையங்களின் தொடக்கத் தேதியையும் விடாதீர்கள். உடன்குடி 1,320 மெகாவாட், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் 1,320 மெகாவாட் இரண்டுக்கும் சொன்ன தேதிகள் பலமுறை தள்ளிப்போயின. தாமதம் என்றால் கட்டுமானக் கால வட்டி ஏறுகிறது. அது முதலீட்டுச் செலவில் சேர்ந்து, பிறகு 25 ஆண்டு நிலைக்கட்டணமாக நம் பில்லுக்கு வருகிறது. 2011-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மகாராஷ்டிர மின் உற்பத்திக் கழக வழக்கில் இதற்கு ஒரு விதி வகுத்தது. கட்டுபவரின் தவறால் வந்த தாமதச் செலவு அவர் தலையில். யார் கையிலும் இல்லாத காரணமென்றால் நுகர்வோர் தலையில். இரண்டிலும் சேராதது இருவருக்கும் பாதிப் பாதி. ஆகவே 'இந்த நிலையத்தின் தாமதத்தை மாதவாரியாக மூன்றாகப் பிரித்துத் தாருங்கள்' என்று கேட்கலாம். அனல் நிலையத்தை எதிர்ப்பதாகச் சொல்லாமலேயே அதன் உண்மை விலையை மேசைக்குக் கொண்டுவரும் கேள்வி இது.

தேவை மதிப்பீட்டில் இன்னொரு ஓட்டை உண்டு. விவசாய இணைப்புகளில் பெரும்பகுதிக்கு மீட்டர் இல்லை. 1990 முதல் இலவச மின்சாரம். அந்தப் பயன்பாடு மாதிரி மீட்டர்களை வைத்தோ குதிரைத்திறனை வைத்தோ ஊகிக்கப்படுகிறது. ஊகத்தை ஏற்றினால், வழியில் இழந்த மின்சாரமும் விவசாயக் கணக்கில் சேர்ந்து, கம்பி இழப்பு குறைந்த மாதிரி தெரியும். எனவே மாதிரி மீட்டர்கள் எத்தனை, எந்தெந்த மின்பகிர்மான வட்டத்தில் இருக்கின்றன, எத்தனை பழுதாகிக் கிடக்கின்றன என்று கேளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே இலவச மின்சாரத்தைக் குறை சொன்னால் அரங்கில் பாதிப்பேர் எதிராகத் திரும்பிவிடுவார்கள், அதுவும் பயனில்லாமல். இலவசம் தருவதா இல்லையா என்பது ஆணையத்தின் அதிகாரத்தில் இல்லை. அது அரசின் முடிவு. 65-ஆம் பிரிவின்படி அரசு மானியத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டியது அளவீடு, மானியம் அல்ல.

அடுத்து ஆர்.பி.ஓ., அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கட்டாயமாக வாங்க வேண்டிய அளவு. ஒன்றிய அரசு 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் 2024-25-க்கு 29.91 சதவீதம், 2029-30-க்கு 43.33 சதவீதம். பலர் இந்த மொத்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே பிரிவுகள் இருக்கின்றன. அதில் பரவலாக்கப்பட்ட மின்சாரம் என்ற பிரிவு, 10 மெகாவாட்டுக்குக் கீழான திட்டங்களுக்கானது, 1.5 சதவீதத்தில் தொடங்கி 4.5-க்குப் போகிறது. வீட்டுக்கூரை சோலாரும் கிராமத்துச் சிறு சூரியப் பூங்காக்களும் இதில்தான் வரும். காற்றாலையில் முன்னணியில் இருக்கும் மாநிலம் மொத்த இலக்கில் நன்றாகத் தெரியும். இந்தப் பிரிவில் சறுக்கலாம். கூரை சோலாருக்கு யூனிட் வாரியாக நெட்வொர்க் கட்டணம், அதாவது வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், போட்டுக்கொண்டே இந்த 4.5-ஐ எப்படி எட்டப்போகிறீர்கள் என்று கேட்டால், அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

நிலக்கரியை ஆட்சேபித்தால் எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ராத்திரி ஏழு மணிக்கு வெயில் எங்கே? நியாயமான கேள்வி, பதில் இல்லாமல் போகாதீர்கள். 2024 மே 2-ல் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாட்களின் 15 நிமிடக் கணக்கு, ஒரு நாளைக்கு 96 பகுதிகள், கையில் இருக்க வேண்டும். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. பகல் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்குவதற்கானது. அது உண்மையில் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் நீரேற்றியது என்று கேளுங்கள். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் தேதியை மனுவில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2023 ஜூனில் வந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தம், வெயில் நேரத்துக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. மனுவின் நேரவாரிக் கட்டணம் அதற்கு ஒத்துப்போகிறதா என்பது ஒரே பக்கத்தில் சரிபார்க்கக்கூடிய விஷயம்.

தரவு எங்கிருந்து வரும்? மாநில மின்சுமை பகிர்வு மையம் அன்றாட உற்பத்தியை வெளியிடுகிறது. அங்கே இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள். கேட்கும்போது 'சூரிய மின்சாரம் ஏன் நிறுத்தப்படுகிறது' என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, 15 நிமிடப் பகுதிவாரியாக, உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன உத்தரவுகளின் நகல், அந்நேரத்து மின்னோட்ட அதிர்வெண்' என்று கேளுங்கள். அப்போது மின்கட்டமைப்புக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்ததா என்பதை அதிர்வெண்தான் காட்டும். இந்த வகைத் தரவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேசிய சூரிய ஆற்றல் கூட்டமைப்பு தமிழ்நாட்டு ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துப் போட்ட வழக்கே சாட்சி. 2021 ஆகஸ்ட் 2-ல் தீர்ப்பாயம், மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் சூரிய மின்சாரத்தை நிறுத்தியதற்கு இழப்பீடு தரச் சொன்னது. அதற்கு அடிப்படை, தேசிய மின்சுமை இயக்க நிறுவனம் அந்த நிறுத்தங்களை அதிர்வெண்ணோடு ஒப்பிட்டுக் கொடுத்த அறிக்கை. வாதத்திறமை அதற்குப் பிறகுதான்.

இனி எழுதும் முறை. ஆணையத்தின் இறுதி உத்தரவைப் பார்த்தால் ஒரு அமைப்பு தெரியும்: ஆட்சேபித்தவர் சொன்னது, வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து. உங்கள் ஆட்சேபணையும் அந்தச் சட்டகத்துக்குள் அப்படியே உட்காரும்படி இருக்க வேண்டும். ஒரு தலைப்பில் ஒரே விஷயம், மனுவின் பக்கமும் அட்டவணை எண்ணும், உங்கள் கணக்கு, கடைசியில் ஆணையம் என்ன செய்ய வேண்டும் என்ற ஒற்றை வேண்டுகோள். நான்கைந்து தலைப்பு போதும். இருபது தலைப்பு எழுதினால் அதில் இளைத்ததற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். சட்ட ஆதாரமாக மின்சாரச் சட்டத்தின் 61-ஆம் பிரிவின் எச் உட்கூறும் 86(1)-இன் இ உட்கூறும் போதும். இரண்டும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வளர்ப்பது ஆணையத்தின் வேலை என்றே சொல்கின்றன. ஆட்சேபணைகள் வீணாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்: மனு எண் தவறு, கடைசித் தேதி தாண்டியது, அறிவிப்பில் கேட்ட பிரதிகள் இல்லை, நேரில் பேச விரும்புவதாக ஒரு வரி எழுதவில்லை, கணக்குத் தாளை இணைக்கவில்லை. ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் கையெழுத்திட்டு அனுப்புவதும் அப்படித்தான். உத்தரவில் அது ஒரே ஆட்சேபணையாக ஒரே பத்தியில் முடியும். கூட்டத்தில் சில நிமிடம்தான் கிடைக்கும், தமிழில் தாராளமாகப் பேசலாம். எழுத்தில் கொடுத்ததை வாசிக்காமல் ஒரே ஒரு எண்ணை எடுத்துச் சொல்லி அதற்கு வாரியத்தின் பதிலைக் கேட்பது நல்லது.

கூட்டாளிகள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிறுதொழில் சங்கங்கள் நெட்வொர்க் கட்டணத்தை எதிர்த்துப் போராடியதால் 2023-ல் அவர்களுக்கு அது பாதியாகக் குறைந்தது. அவர்களோடு சேருவதில் சிக்கல் இல்லை. நூற்பாலைகளின் காற்றாலை மின்சாரத்தைக் கணக்கில் வைத்துப் பிறகு எடுக்கும் சலுகை வேறு கதை. காற்றுக்காலத்து மலிவு யூனிட்டைக் கொடுத்துவிட்டு விலை ஏறிய மாதத்தில் திரும்ப எடுத்தால், அந்த வித்தியாசம் வீட்டு நுகர்வோர் உட்பட எல்லோர் மேலும் விழும். பசுமை மின்சாரம் என்பதற்காக மட்டும் அதை ஆதரித்தால் நுகர்வோர் தரப்பில் உங்கள் பேச்சு எடுபடாது.

உத்தரவு வந்ததும் உங்கள் ஆட்சேபணைக்குப் பதில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். கூட்டல் கழித்தல் பிழையென்றால் மறுஆய்வு மனு. சட்டப்பிழை என்றால் 111-ஆம் பிரிவின்படி 45 நாளுக்குள் டெல்லியிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். கட்டணம் ஒரு லட்சம் ரூபாய், வக்கீல் செலவு தனி. சிறிய அமைப்புக்கு இது கனமான தொகை, எனவே எல்லாவற்றுக்கும் போக முடியாது. முதல் சுற்றில் எழுதிக் கொடுக்காத விஷயத்தை அங்கே புதிதாகக் கிளப்புவதும் கடினம்.

பலரும் தொடாத ஒரு வழி மின்சாரச் சட்டத்தின் 94(3). நுகர்வோர் சார்பில் பேச ஒருவரை ஆணையமே அங்கீகரிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. மகாராஷ்டிர ஆணையம் புனேயின் பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத்து போன்ற அமைப்புகளை அப்படி அங்கீகரித்து, கட்டண வழக்குகளில் தொடக்கத்திலிருந்தே கேள்வி கேட்க வைத்தது. சென்னையில் 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. என்ற நுகர்வோர் அமைப்பைப் போல மின்துறையில் நீண்டகாலம் வேலை செய்த அமைப்புகள் இங்கும் உண்டு. 87-ஆம் பிரிவின் மாநில ஆலோசனைக் குழுவில் 21 பேர் வரை இருக்கலாம், தன்னார்வ அமைப்புகளுக்கும் அதில் இடம் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கும்போது அமைப்பின் பதிவுச் சான்று, முந்தைய ஆட்சேபணைகளின் நகல், அவற்றை ஆணையம் குறிப்பிட்ட உத்தரவுப் பக்கங்கள் ஆகியவற்றை இணையுங்கள். கட்டண மனு தாக்கலாவதற்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும். பிறகு போட்டால் அந்தச் சுற்று முடிந்துபோயிருக்கும்.