ட்ரோன் மோட்டாரும் கோயமுத்தூர் பட்டறையும்

2025 மே மாசம் எல்லை தாண்டி வந்த ட்ரோன்களை அடிச்சு விழத்தட்டினதுல எல்-70 பீரங்கிக்குப் பெரிய பங்கு. பழைய 40 மி.மீ துப்பாக்கிதான், ரேடாரும் கேமராவும் மட்டும் புதுசு. சில லட்ச ரூபா ட்ரோனுக்குப் பல கோடி ஏவுகணையை விட்டுக்கிட்டே இருந்தா கையிருப்பு தீர்ந்துரும், எதிரிக்கு அதுதானே வேணும்? நாமளும் மாசம் எத்தனை ட்ரோன் செஞ்சு கொடுக்க முடியும்ங்கிறதுதான் இனி எதிரியைத் தயங்க வைக்கும்.

ட்ரோனுக்கு மோட்டார் வேணும், கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறைகள் வர்ற இடம் இதுதானுங்க. பம்பு மோட்டார் கட்டுறவங்களுக்கு இதென்ன பிரமாதம்னு நினைக்கிறாங்க. மோட்டாருக்குள்ள சுருள் சுத்துற இரும்பு உள்ளகம் மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்யறது, பம்புக்கு 0.5 மி.மீ தகடு போதும். ட்ரோன் மோட்டார் வேகத்துக்கு அது கொதிச்சுரும், 0.2 வேணும். தகடு வெட்டுற அச்சு (டை) கொஞ்சம் மழுங்கினாலும் பிசிறு வந்து தகடுக்குத் தகடு ஷார்ட் ஆகி, மறுபடியும் சூடுதான்.

காந்தம் இன்னும் பெரிய தலைவலி. மோட்டார்ல வைக்கிற சாதா நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல பலம் இழக்கும். சூடு தாங்க டிஸ்ப்ரோசியம் சேர்க்கணும். 2025 ஏப்ரல்ல சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்ட 7 அரிய மண் தனிமங்கள்ல அதுவும் ஒண்ணு. காந்தம் கைக்கு வராம டெலிவரி தேதி எழுதிக் கொடுத்துராதீங்க.