வால் இல்லாத கோப்பு

நேற்றுக் காலை மின்னஞ்சல் வந்தது. எல்எஃப்சிஎஸ் என்கிற லினக்ஸ் நிர்வாகத் தேர்வு, இரண்டாம் முயற்சி, 84. முதல் முயற்சியில் 63. தேர்ச்சிக்கு 67 வேண்டும் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த நான்கு மதிப்பெண் ஆறு வாரம் என் தூக்கத்தைத் தின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டணத்தோடு ஒரு மறுவாய்ப்பும் இருந்ததால் பணம் போகவில்லை, மானம் மட்டும் போனது.

என்ன கேட்டார்கள் என்று எழுத மாட்டேன், ஒப்பந்தம் இருக்கிறது. பாடத்திட்டத்தில் ஊரறிய இருக்கிற ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்: லினக்ஸின் மையமான கெர்னல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அளவுருக்களைத் தற்காலிகமாகவும் (மறுதுவக்கம் வரை) நிலையாகவும் அமைப்பது. எல்லோரும் ஐந்து நிமிடத்தில் தாண்டிப்போகிற வரி. நானும் தாண்டினேன். வேலையில் கை வைத்துப் பழகியவன் என்ற திமிர்.

வேலை என்றால், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிப் பராமரிப்பு. ஜூனில் தோத்தாபுரி வரத்து ஏறும்போது எடை மேடையில் லாரிகள் வரிசை கட்டும். இந்த ஆண்டு அங்கே ஒரு தொல்லை. காப்புப் பிரதி யுஎஸ்பி வட்டுக்கு ஓடுகிற நேரம் பார்த்து எடைச் சீட்டு அரை நிமிடம் தாமதமாக வரும், ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள். காரணம் வட்டு அல்ல, நினைவகம். எழுதச் சொன்ன தரவை லினக்ஸ் உடனே வட்டில் இறக்குவதில்லை, நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. நினைவகத்தில் எத்தனை சதவீதம் வரை அப்படித் தேங்கலாம் என்பதுதான் டர்ட்டி ரேஷியோ, 20 என்பது இயல்பு மதிப்பு. 8 ஜிபி கணினியில் ஏறக்குறைய ஒன்றரை ஜிபி வரை தேங்கும். எல்லையைத் தொட்டதும், எழுத வருகிற செயல்களைக் கெர்னல் காக்க வைத்துவிட்டு, மந்தமான அந்த வட்டில் இறக்கத் தொடங்கும். எடைச் சீட்டு அங்கேதான் மாட்டியது. அதே எல்லையைப் பைட்டில் சொல்லும் டர்ட்டி பைட்ஸை 268435456 (256 எம்பி) என்றும், பின்னணியில் இறக்கத் தொடங்கும் அளவை 67108864 (64 எம்பி) என்றும் வைத்தேன். தாமதம் போய்விட்டது. முதலாளி கூப்பிட்டு ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்தார். அந்தப் பெட்டிதான் என்னைக் கெடுத்தது.

ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டு பாலக்கோட்டில் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். செப்டம்பரில் தேர்வு எழுதினேன், விழுந்தேன். எந்தப் பணியில் போனது என்று அவர்கள் சொல்வதில்லை. சேமிப்புப் பகுதிதான் காலை வாரியது என்று நினைத்து வட்டு இடத்தைப் பிரித்தாளும் எல்விஎம்மையே இரண்டு வாரம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் மழையில் ஒரு மாலை மின்சாரம் போனது. என் மடிக்கணினியில் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. கரண்ட் வந்து, பயிற்சிக் கணினியை மறுபடி ஏற்றி, காலையில் 10 என்று வைத்த ஸ்வாப்பினஸை (நினைவகத்திலிருந்து ஸ்வாப் என்கிற வட்டு இடத்துக்குத் தள்ளுவது பற்றிய அளவுரு) சும்மா எட்டிப் பார்த்தேன். 60.

அதை நிலையாக்க எழுதிய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஈடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல்.டி, அதற்குள் 99-விஎம். உள்ளே வரி சரி, எழுத்துப் பிழை இல்லை. பத்து நிமிடம் வெறித்துப் பார்த்தபின் லினக்ஸின் கையேடான மேன் பக்கத்தைத் திறந்தேன். அங்கே எழுதியிருக்கிறது: பெயர் .கான்ஃப் என்று முடிகிற கோப்புகளைத்தான் துவக்கத்தின்போது படிக்கும். என் கோப்புக்கு வால் இல்லை.

பிறகு எப்படி அதுவரை வேலை செய்தது? மைனஸ் பி போட்டுக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், அளவுருக்களை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை, கோப்பு எந்தப் பெயரில் இருந்தாலும் படித்துவிடும். மதிப்பு மாறும், திரையில் சரியாகத் தெரியும், நாம் அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். மறுதுவக்கம் வரை யாருக்கும் தெரியாது. இத்தனை ஆண்டு இப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். நான்கு மதிப்பெண் இங்கேதான் போனது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆகவே: மைனஸ் பி பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோப்பை எழுதியதும் சிஸ்சிடிஎல் கட்டளையை இரட்டைக் கோடு சிஸ்டம் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். எந்தெந்தக் கோப்பைப் படிக்கிறது என்று வரிசையாகப் பெயர் சொல்லும். உங்கள் கோப்பின் பெயர் அதில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அதே அளவுருவுக்கு வேறொரு கோப்பு வேறு மதிப்பு வைத்திருந்தால், பெயர் வரிசையில் பின்னால் வருவது வெல்லும். 10 என்று தொடங்குகிற கோப்பில் எழுதிவிட்டு, 99 அதை அழித்துப் போனதற்குக் கெர்னலைத் திட்டிப் பயனில்லை.

அளவுருக்களில் எனக்குக் குழப்பம் தந்தவை:

ஸ்வாப்பினஸ். பெங்களூரில் நான் பணம் கட்டிய பயிற்சி மையத்தில், 60 என்றால் நினைவகம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. அது சதவீதமே அல்ல. இடம் தேவைப்படும்போது செயல்களின் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளுவதா, கோப்புத் தேக்கத்தை விடுவிப்பதா என்பதில் எந்தப் பக்கம் சாய்வது என்கிற எடை. 0 வைத்தாலும் ஸ்வாப் முழுதாக நின்றுவிடாது. கெர்னல் 5.8 முதல் மேல் எல்லை 200.

டர்ட்டி ரேஷியோ, டர்ட்டி பைட்ஸ் இரண்டும் ஒரே உறையில் இருக்க முடியாத கத்திகள். ஒன்றை எழுதினால் மற்றது 0 ஆகிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஓவர்கமிட், அதாவது இருப்பதைவிட அதிக நினைவகத்துக்கு வாக்குக் கொடுப்பது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 இலைக்கு இடம் இருக்கிறது, பத்திரிகை 600 பேருக்குப் போயிருக்கிறது, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கை. மதிப்பு 0 என்றால் கண்ணுக்குத் தெரிந்த அத்துமீறலை மட்டும் மறுக்கும். 1 என்றால் கேட்டவருக்கெல்லாம் பத்திரிகை. 2 என்றால் கணக்குப் பார்க்கும்: ஸ்வாப் முழுவதும், அதோடு நினைவகத்தில் ஓவர்கமிட் ரேஷியோ சொல்லும் பங்கும். இயல்பாக 50. 4 ஜிபி நினைவகம், 2 ஜிபி ஸ்வாப் என்றால் எல்லை 4 ஜிபி. 0, 1 இரண்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் நினைவகம் தீரும்போது செயல்களைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் யாரையாவது இலையிலிருந்து எழுப்பிவிடும்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- கட்டளை வரியில் சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடாதீர்கள், பிழை வரும். கோப்புக்குள் விடலாம்.
- ஸ்வாப் கோப்பு செய்தால் அனுமதி 600. துவக்கத்தின்போது அதை இயக்க எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத வேண்டிய வரியை மறக்காதீர்கள். இதுவும் அதே மறுதுவக்கக் கதைதான்.
- மேன் பக்கங்களுக்குத் தேர்வில் அனுமதி உண்டு. சிஸ்சிடிஎல்.டி பக்கத்தில் மாதிரிக் கோப்பே இருக்கிறது.
- வீடியோ பார்க்காதீர்கள். என் கருத்து இது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கை மட்டும் ஒன்றும் கற்றிருக்காது.
- விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தேன். கூட்டாகப் படிப்பது எனக்கு ஆகாது. உங்களுக்கு ஆகலாம்.
- இரண்டாம் முறை தருமபுரியில், பென்னாகரம் சாலையில் இருக்கும் நண்பனின் அறையில் எழுதினேன். அங்கே இன்வெர்ட்டர் உண்டு. கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை முன்பே கழற்றிவைத்துவிட்டோம்.

முடிவு வந்த கையோடு ஆலைக்குப் போன் செய்தேன். இப்போது அங்கே இருக்கிற பையன் எடுத்தான். சிஸ்சிடிஎல்.டி அடைவில் இருக்கும் கோப்புகளின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். “99-எடைமேடை, அவ்வளவுதான் அண்ணா. பின்னால் ஒன்றும் இல்லை” என்றான். கணினி எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று கேட்டேன். 143 நாள். ஜெனரேட்டர் புண்ணியத்தில் என் மாம்பழப் பெட்டி பிழைத்திருக்கிறது. பெயரை மாற்றி இரட்டைக் கோடு சிஸ்டம் போடச் சொல்லிவிட்டு, வருகிற பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க வைத்தேன். கடைசிக்கு முந்தியதாக வந்தது.